விகுதி

லுசாக்காவில் அவை கூடும் நாட்களில்
எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள்.
பத்து நிமிடப் பேச்சைக் காதில் வாங்கி
எழுத்தாக்கிவிட்டு எழுந்து போக வேண்டும்.
அதே நாற்காலியில் அடுத்தவர்.
ஆகவே எந்த விவாதத்துக்கும்
தலையோ வாலோ எனக்குத் தெரியாது.

நமாகாவ் சிடாலியைத்
துண்டு துண்டாகப் பதினொரு வருடம் கேட்டேன்.

முதல் துண்டு, லுவெலா ஆற்றுப் பாலம்.
"தூண் எத்தனை மீட்டர் ஆழம், மாண்புமிகு அமைச்சரே?"
"பரிசீலனையில் உள்ளது."
"ஆறா?"
(சிரிப்பு) என்று அடைப்புக்குள் போட்டேன்.
அவர் சிரிக்கவில்லை என்பதற்கு
எங்களிடம் அடைப்பு கிடையாது.

இருமலை நீக்குவோம். திக்கலை நீக்குவோம்.
கண்ணாடியைத் தேடிய அரை நிமிடத்தை நீக்குவோம்.
வாக்கியத்தை நடுவழியில் விட்டுவிட்டுக்
காகிதக் கட்டிலிருந்து ரசீது ஒன்றை உருவி
"சிமெண்ட், ஒரு மூட்டை,
மொங்கு கடைத்தெருவில் நூற்றெண்பது குவாச்சா.
ஒப்பந்தத்தில் நானூற்றுப் பத்து.
நடுவில் உள்ள இருநூற்று முப்பது
எந்த லாரியில் ஏறி வந்தது?"
என்று கேட்டதை மட்டும்
எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை.

அவர் கட்சிக்காரர்களே
கைபேசிக்குள் முகம் புதைத்திருந்தார்கள்.
"கல், ஜல்லி, கம்பி. இதை விட்டால் இந்த அம்மாவுக்குப் பேச்சில்லை"
என்றார் தேநீர் அறையில் ஒருவர்.
தேநீர் அறை பதிவேட்டில் வராது.

ஒரு வருடம் வெள்ளத்தில் மிதவைப் படகின் கயிறு அறுந்தது.
இரண்டு ஆசிரியர்கள், ஒரு சைக்கிள்,
கட்டி முத்திரையிட்ட விடைத்தாள் பெட்டி.
அன்று எழுந்து பெயர்களை மட்டும் படித்தார்:
லிசெலி முயுண்டா. இமாசிகு லுபிந்தா.
"உறுப்பினரின் கேள்வி என்ன?" என்றார் சபாநாயகர்.
என் பத்து நிமிடம் அங்கே முடிந்தது.
அச்சில்தான் பார்த்தேன் பதிலை:
"கேள்வி எண் நாற்பத்தேழு, ஐயா.
சென்ற வருடமும் அதுதான்."

பிறகு பொதுக் கொள்முதல் மசோதா வந்தது. பிரிவு முப்பத்தொன்று.
'ஏற்கப்பட்ட விலைகளை அலுவலகம் வெளியிடலாம்.'
இரவு பத்தே முக்கால், பாதி நாற்காலி காலி.
"இந்த 'லாம்' உள்பக்கத் தாழ்ப்பாள்.
உள்ளே இருப்பவர் மனம் வைத்தால்தான் திறக்கும்" என்றார்.
மூன்றே நிமிடம்.
அமைச்சருக்கு விடிகாலையில் விமானம்.
"ஆட்சேபணை இல்லை."
வெளியிடலாம் என்பது
வெளியிட வேண்டும் ஆயிற்று.
யாரும் மேசையைத் தட்டவில்லை.
தட்டியிருந்தால் அடைப்புக்குள் போட்டிருப்பேன்.

அடுத்த தேர்தலில் தோற்றார்.
பதினொரு வருடம் பேசியவருக்குப் பாலம் எங்கே என்று
எதிர்த்து நின்றவர் கேட்டாராம். நியாயம்தான்.

தொகுதிகளுக்கு அகரவரிசை போடுவதும் என் வேலை.
சிடாலி, ந.: காண்க, பாலம்.
பாலம்: காண்க, ஒப்பந்தம்.
ஒப்பந்தம்: காண்க, ஒத்திவைப்பு.
விகுதிக்கு அதில் இடமில்லை.

போன மாதம் விடுப்பில் அந்தப் பக்கம் போனேன்.
லுவெலாவில் ஐந்து தூண் நிற்கிறது.
தூண்மேல் கொக்கு நிற்கிறது.
மாவட்ட அலுவலகச் சுவரில்
கம்பிவலை போட்ட ஒரு பலகை, உள்ளே நான்கு தாள்.
மீன்கூடையைத் தரையில் இறக்கிவிட்டு ஒரு பெண்
வலைமீது விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள்.
"ஜல்லி... ஒரு கன மீட்டர்..."
நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து.
"இந்த விலையா? என் தம்பிதானே
ஆற்றில் அள்ளிக் கொடுக்கிறான்!
அவன் கைக்கு இதில் கால்வாசி வரவில்லையே!"

எழுத்தர் ஜன்னலைச் சாத்தப் பார்த்தார்.
அவள் கூடையைத் தூக்கி
ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

என் கை பைக்குள் பேனாவைத் துழாவியது.
பத்து நிமிடத்துக்கு மேலேயே
நின்றிருந்தேன்.